இணையத்தில் கிடைக்கும் மருத்துவத் தகவலைச் சரிபார்ப்பது எப்படி? (விவாத இழை)

வேர்தேடி எழுதியது:

முதலில் ஒரு விஷயம். நெஞ்சில் அழுத்தம், முகமோ கையோ ஒரு பக்கமாகத் திடீரென வலுவிழப்பது, பேச்சு குழறுவது, மூச்சுத்திணறல், நிற்காத ரத்தப்போக்கு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்குத் தேடுபொறி பக்கமே போகாதீர்கள். உடனே அவசர உதவி எண்ணை அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து சுமார் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதில் கழிகிறது.

மற்ற எல்லாவற்றுக்கும்தான் இந்த இழை.

ஒரு பக்கத்தைத் திறந்ததும் பெரும்பாலோர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே நம்பிக்கைக்கான அடையாளங்களைத் தேடுகிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவரின் படம், துப்புரவான வடிவமைப்பு, அடியில் நீளமான மேற்கோள் பட்டியல், முகவரியில் ‘.ஆர்க்’. இவை எல்லாமே காசு கொடுத்தால் கிடைப்பவை. ‘.ஆர்க்’ முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். ஜெனீவாவிலிருந்து இயங்கிய ‘ஹெல்த் ஆன் தி நெட்’ அமைப்பு மருத்துவத் தளங்களுக்குத் தந்த ‘ஹான்கோட்’ முத்திரையை ஒரு காலத்தில் பலரும் நம்பினார்கள். 1996-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2022 இறுதியோடு நின்றுவிட்டது. இன்றும் அந்த முத்திரை ஒட்டியிருக்கிறது என்றால், தளத்தை யாரும் பராமரிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சரியான வழி பக்கத்தை விட்டு வெளியே வருவது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள் என்று மூன்று தரப்பினரிடம் இரண்டு குழந்தை மருத்துவ அமைப்புகளின் இணையப் பக்கங்களைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னார்கள். ஒன்று 1930-இல் தொடங்கி பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். மற்றது 2002-இல் அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. பெயர் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். படித்த பேராசிரியர்கள் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து வரிவரியாகப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே புதிய டேப் திறந்து, அமைப்பின் பெயரைத் தேடி, யார் எவர் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

செய்முறை எளிது. அமைப்பின் பெயரைத் தேடல் பெட்டியில் போடுங்கள். ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறி, ‘சைட்’ என்ற சொல் (ஆங்கில எழுத்தில்), முக்காற்புள்ளி, அந்தத் தளத்தின் முகவரி ஆகியவற்றை இடையில் வெளி விடாமல் சேர்த்து அடியுங்கள். அவர்களே தங்களைப் பற்றி எழுதியது எல்லாம் விலகி, மற்றவர்கள் எழுதியது மட்டும் வரும். யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, அதே பக்கத்தில் மாத்திரை விற்கிறார்களா என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வியை எழுதும் விதமும் முக்கியம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தைப் பற்றி ‘ஸ்டாட்டின் ஆபத்து’ என்று தேடினால் ஆபத்தைப் பேசும் பக்கங்கள்தான் வரிசையாக வரும். ‘ஸ்டாட்டின் பலன் பக்கவிளைவு ஆய்வுத் தொகுப்பு’ என்று தேடிப் பாருங்கள், வேறு உலகம் தெரியும். நமக்குப் பிடித்த விடையைக் கேள்விக்குள்ளேயே ஒளித்துவைத்தால் தேடுபொறி அதையேதான் திருப்பிக் கொடுக்கும்.

---

மருந்தட்டை எழுதியது:

மருந்து பற்றித் தேடுபவர்களுக்குச் சேர்த்துச் சொல்கிறேன். நடைமுறையில் ஆபத்து அதிகம் இங்கேதான்.

பிராண்ட் பெயரை வைத்துத் தேடவே வேண்டாம். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை (உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை) வைத்துத் தேடுங்கள். காரணம், ஒரே பிராண்ட் பெயரில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு மருந்து விற்கப்படுகிறது. ‘ஃப்ளோமேக்ஸ்’ அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் இருந்தது வலிநிவாரணி. ‘டிலாகார்’ அமெரிக்காவில் டில்டியாசெம், செர்பியாவில் டிஜாக்சின். இரண்டும் இதய மருந்து, ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்தால் உயிருக்கே ஆபத்து. மூலப்பெயரிலும் சில இரட்டைப் பெயர்கள் உண்டு. பாராசிட்டமாலை அமெரிக்கப் பக்கங்கள் அசிட்டமினோஃபென் என்கின்றன, சால்புட்டமாலை ஆல்புட்டரால் என்கின்றன. இது தெரியாமல் இரண்டு ‘வேறு’ மருந்துகளைச் சேர்த்து எடுத்தால், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்ற பாராசிட்டமால் உச்சவரம்பைத் தாண்டுவது வெகு சுலபம். சளி, காய்ச்சல் கூட்டு மருந்துகளிலும் அது இருக்கும்.

குழந்தைக்கான அளவை ‘எத்தனை மில்லி’ என்று இணையத்தில் தேடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். பாராசிட்டமால் வழக்கமாக ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 15 என்ற கணக்கில் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலாக இருந்தால் அது 7.5 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலாக இருந்தால் 3.6 மில்லிதான். எவரோ ‘ஏழரை மில்லி கொடுங்கள்’ என்று எழுதியதைப் பார்த்து இரண்டாவது பாட்டிலிலிருந்து ஊற்றினால், கொடுக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு போய்விடும். பாட்டிலின் லேபிள், குழந்தையின் எடை, மருத்துவர் சொன்ன மில்லிகிராம் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் மில்லி கணக்குப் போடாதீர்கள்.

அலகு இன்னொரு கண்ணி. மில்லிகிராமும் மைக்ரோகிராமும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வரும். வைட்டமின் டி-யில் 40 ஐ.யு. (பன்னாட்டு அலகு) என்பது 1 மைக்ரோகிராம். இரும்புச்சத்து மாத்திரையில் ‘ஃபெரஸ் சல்ஃபேட் 325 மில்லிகிராம்’ என்று போட்டிருந்தால் அதில் இருக்கும் இரும்பு 65 மில்லிகிராம்தான். கட்டுரை எதைச் சொல்கிறது, ஃபெரஸ் சல்ஃபேட்டின் எடையையா இரும்பின் எடையையா என்று பாருங்கள்.

பக்கவிளைவுப் பட்டியலைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்துபவர்கள் ஏராளம். ஐரோப்பியத் தகவல் தாள்களில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் எண் உண்டு. ‘மிகப் பரவலானது’ என்றால் 10 பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கு மேல். ‘பரவலானது’ 100-இல் ஒருவர் முதல் 10-இல் ஒருவர் வரை. ‘அபூர்வம்’ 10,000-இல் ஒருவர் முதல் 1,000-இல் ஒருவர் வரை. ‘மிக அபூர்வம்’ 10,000-இல் ஒருவருக்கும் குறைவு. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு தாளைத் திரும்பப் படியுங்கள். பட்டியல் அதேதான், பயம் பாதியாகும்.

---

கேள்விக்குறி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆனால் வயதானவர்களால் இவ்வளவு வேலை பார்க்க முடியாது. நேரடியாகப் போய்ப் படிக்க நாலைந்து தளங்கள் சொன்னால் போதாதா? பப்மெட்டில் இருந்தால் நம்பலாம் என்கிறார்களே, அது சரியா?

---

நூலக மேசை எழுதியது:

கேள்விக்குறி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை.

பப்மெட் என்பது அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மருத்துவக் கட்டுரை அட்டவணை. 1997 முதல் இலவசமாகத் திறந்திருக்கிறது. மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. நல்ல ஆய்வு, மோசமான ஆய்வு, எலி ஆய்வு, ஆசிரியருக்கு எழுதிய கடிதம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எல்லாமே அதில் உண்டு. ‘பப்மெட்டில் வந்திருக்கிறது’ என்பது தரச்சான்று ஆகாது. ‘அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகத்தில் வெளியான ஆய்வு’ என்று சிலர் எழுதுவதும் இதைத்தான். நூலகம் அட்டவணைப்படுத்தியதே ஒழிய, வெளியிடவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை.

பப்மெட்டுக்குள் போனால் இப்படிச் செய்யுங்கள். இடது ஓரத்தில் வடிகட்டிகள் இருக்கும். கட்டுரை வகையில் ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ (ஒரே கேள்விக்கான ஆய்வுகளைத் திரட்டி அலசிய தொகுப்பு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றும் வராவிட்டால் ‘ராண்டமைஸ்டு கண்ட்ரோல்டு ட்ரயல்’ (குலுக்கல் முறையில் தரப்புகளாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனை). அடுத்து ‘ஹியூமன்ஸ்’ என்பதையும் தட்டுங்கள். பல தலைப்புகளில் ஆயிரக்கணக்கில் இருந்த முடிவுகள் இருபது முப்பதாகக் குறையும். கட்டுரையைத் திறந்ததும் தலைப்புக்கு மேலே திரும்பப் பெறப்பட்டதற்கான அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998 லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. இன்றும் அதை ‘லான்செட் ஆய்வு’ என்று பகிர்கிறார்கள். கட்டுரையைத் திறந்து பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

தளங்கள் வேண்டும் என்றால், எதற்கு எது என்று பிரித்துச் சொல்வதுதான் நியாயம்.

நோய் என்றால் என்ன, அறிகுறி என்ன, என்ன பரிசோதனை செய்வார்கள் என்று எளிமையாகத் தெரிந்துகொள்ள அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் அல்லது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தளம். இரண்டிலும் விளம்பரமில்லை, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கும். என்.எச்.எஸ். பக்கங்களில் எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும், எப்போது உடனே ஓட வேண்டும் என்று பிரித்துச் சொல்லியிருப்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் எங்கே போவது, எது இலவசம் என்ற வரிகள் அந்த நாட்டுக்கானவை, அவற்றைத் தாண்டிப் போங்கள்.

ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா என்று அறிய காக்ரேன். 1993-இல் தொடங்கிய இந்த அமைப்பு ஒரே கேள்விக்கான எல்லாச் சோதனைகளையும் திரட்டி, தரம் பிரித்து, ஒரு முடிவாகத் தருகிறது. எளிய மொழிச் சுருக்கங்கள் இலவசம். சில தமிழிலும் உண்டு. அந்தச் சுருக்கங்களில் சொற்களைக் கவனமாகப் பொறுக்கிப் போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் ‘ப்ராபப்ளி’ என்று வந்தால் ஆதாரம் நடுத்தர உறுதி கொண்டது. ‘மே’ என்று வந்தால் உறுதி குறைவு. ஒன்றுமே சேர்க்காமல் ‘குறைக்கிறது’ என்றால் உறுதி அதிகம். சாதாரண வாசிப்பில் இவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

பாலூட்டும் தாய் மருந்து எடுக்கலாமா என்பதற்கு லாக்ட்மெட். கல்லீரலை ஒரு மருந்தோ மூலிகையோ பாதிக்குமா என்பதற்கு லிவர்டாக்ஸ். இரண்டும் அமெரிக்க அரசின் இலவசத் தரவுத்தளங்கள்; மொழி சற்றுக் கடினம், ஆனாலும் தொடக்கத்திலேயே சுருக்கம் இருக்கும்.

விக்கிபீடியாவை நான் ஒதுக்க மாட்டேன். கட்டுரையை விடுங்கள், அடிக்குறிப்பில் இருக்கும் ஆய்வுத் தொகுப்புக்கு நேராகப் போகும் குறுக்கு வழியாக அதைப் பயன்படுத்துங்கள்.

---

எண்ணிப்பார் எழுதியது:

நல்ல தளத்தில் படித்தாலும் எண்ணை வாசிக்கத் தெரியாவிட்டால் பயன் இல்லை. செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் சொல்வது ஒப்பீட்டு விகிதத்தை: ‘ஆபத்து இரட்டிப்பு’, ‘50% குறையும்’. எதிலிருந்து எதற்கு என்று கேட்காதவரை அந்தச் சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தி 100% அதிகரிப்பு என்று பரவியது. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையான எண்ணிக்கை 7,000 பெண்களில் ஒருவர் என்பது 7,000-இல் இருவர் ஆனது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்படுகிறது. கர்ப்பத்திலேயே ரத்தக்கட்டி அபாயம் அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதுதான் இதில் பெரிய வேதனை. தவறான தகவல் ஒன்றுகூட வெளியாகவில்லை. சரியான எண்ணைத் தவறான வடிவில் சொன்னார்கள்.

இன்னொன்று, 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் தொகுதியில் (புற்றுநோய் தரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் உள்ளவை) சேர்த்தது. புகையிலையும் அதே தொகுதி. ‘இறைச்சியும் சிகரெட்டும் ஒன்று’ என்று உடனே கிளம்பிவிட்டார்கள். அந்தத் தொகுதி சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்று அபாயம் 18% கூடும் என்பது அவர்கள் தந்த கணக்கு. வாழ்நாளில் 100 பேரில் 6 பேருக்கு வரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், 6-இல் 18% என்பது ஒன்று. 6 பேர் 7 பேர் ஆவார்கள். அந்த ஒருவரைப் பொருட்படுத்தலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் முடிவெடுக்க வேண்டியது 18-ஐ வைத்து அல்ல, 6, 7 என்ற எண்களை வைத்து.

ஆகவே எந்தக் கட்டுரையானாலும் ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: ‘100 (அல்லது 1,000) பேர் எடுக்காவிட்டால் இத்தனை பேருக்கு வரும், எடுத்தால் இத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டில்.’ இந்த வரியை நிரப்பத் தேவையான எண் கட்டுரையில் இல்லையென்றால் மூல ஆய்வுக்குப் போங்கள். மூலத்திலும் இல்லையென்றால் அதை வைத்து எதையும் மாற்றாதீர்கள்.

கூடவே ஒன்று. ஆய்வுச் சுருக்கத்தில் அபாய விகிதத்துக்குப் (1 என்றால் இரு தரப்புக்கும் ஒரே அபாயம்) பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும், 0.8 முதல் 1.3 வரை என்பதுபோல. அந்த இடைவெளிக்குள் 1 அடங்கிவிட்டால், கூடியதா குறைந்ததா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை என்று பொருள்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

எல்லாரும் அதிகாரபூர்வத் தளங்களையே சொல்கிறீர்கள். அவர்களும் மாற்றி மாற்றித்தானே பேசுகிறார்கள்? நேற்று கூடாது என்றதை இன்று கொடு என்கிறார்கள். ஆய்வுகளுக்குப் பணம் கொடுப்பது மருந்து நிறுவனங்கள். அப்படியிருக்க, குணமானவர்கள் நேரடியாகச் சொல்லும் அனுபவத்தை ஏன் தள்ள வேண்டும்? ஒரு பொருள் உடலில் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கமாகச் சொல்லியிருந்தால் அது போதாதா?

---

வேர்தேடி எழுதியது:

நியாயமான கேள்வி, எதிர்க்கேள்வி. கடைசியில் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். விளக்கம் போதாது என்பதற்கு மனித உயிர்களே விலையாகப் போன உதாரணங்கள் இருக்கின்றன.

காய்கறிகளில் இருக்கும் பீட்டா கரோட்டின் ஆன்டி-ஆக்ஸிடன்ட். செல்களைச் சேதத்திலிருந்து காக்கும். காய்கறி அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு. விளக்கம் கச்சிதம். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18% அதிகம். அதேபோல, மாரடைப்புக்குப் பின் வரும் தாறுமாறான துடிப்புகளை என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரண்டு மருந்துகள் அழகாக அடக்கின. துடிப்பு அடங்கினால் மரணம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காஸ்ட் என்ற சோதனையில் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் ‘எனக்குத் துடிப்பு சீரானது’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். இறந்தவர்கள் வந்து அனுபவம் எழுதுவதில்லை. தனிமனித அனுபவத்தை மட்டும் வைத்து ஏன் முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இதில் நடைமுறைப் பாடம் உண்டு: ஆய்வு எதை அளந்தது என்று தேடுங்கள். ரத்தத்தில் ஒரு எண் குறைந்ததா, அல்லது மாரடைப்பு, எலும்பு முறிவு, மரணம் குறைந்ததா? ‘சோதனைக் குழாயில் புற்றுச் செல்களைக் கொன்றது’ என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். சலவைப்பொடியும் அங்கே செல்லைக் கொல்லும்.

மாற்றிப் பேசுகிறார்கள் என்பது உண்மை. ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000-இல் சொன்னது. 2008-இல் விலக்கிக்கொண்டது. 2015-இல் லீப் என்ற சோதனை, அப்படிப்பட்ட 640 கைக்குழந்தைகளில் சிலருக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலையைக் கொடுத்தும் மற்றவர்களுக்குத் தவிர்த்தும் ஐந்து வயதில் பார்த்தது. தவிர்த்தவர்களில் 17.2% பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2% பேருக்கு. வழிகாட்டுதல் தலைகீழானது. ஆதாரம் மாறியது, அதனால் அறிவுரை மாறியது, இன்ன சோதனையால் மாறியது என்று எழுதியும் வைத்தார்கள். (இதைப் படித்துவிட்டு, கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே முயன்று பார்க்காதீர்கள், அவர்களுக்கு முன்பரிசோதனை தேவைப்படலாம்.)

பழைய அறிவுரையைத் தாங்கிய பக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன என்பதுதான் பிரச்சினை. எனவே தேதியைப் பாருங்கள். சில தளங்களில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற தேதி தானாகவே மாறும். சந்தேகம் வந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேய்பேக் மெஷினில் முகவரியைப் போட்டு இரண்டு வருடத்துக்கு முந்தைய பிரதியோடு ஒப்பிடுங்கள். ஒரு வரிகூட மாறாமல் தேதி மட்டும் மாறியிருந்தால் அந்தத் தளத்தை விட்டுவிடலாம்.

நிறுவனப் பணம் பற்றியும் நீங்கள் சொல்வது சரிதான், அதைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. கட்டுரையின் கடைசியில் நலன் முரண் அறிவிப்பு (யாரிடம் பணம் வாங்கினார்கள் என்ற விவரம்) இருக்கும், படியுங்கள். சுருக்கத்தின் அடியில் ‘என்.சி.டி.’ என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் இருந்தால் அதை எடுத்து, மருத்துவச் சோதனைகளைப் பதியும் கிளினிக்கல்ட்ரயல்ஸ் பதிவேட்டில் போடுங்கள். சோதனை தொடங்கும் முன் ‘முதன்மையாக அளக்கப்போவது’ என்று எதைப் பதிந்தார்கள் என்று அங்கே இருக்கும். பதிந்தது மாரடைப்பு, கட்டுரையில் கொண்டாடுவது வேறொன்று என்றால், ஆட்டத்தின் நடுவில் கோல் கம்பத்தை நகர்த்தியிருக்கிறார்கள்.

---

சோதனைக்கூடம் எழுதியது:

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடுபவர்களுக்காக இது.

ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்தால் நோய் என்று நினைக்க வேண்டாம். பல பரிசோதனைகளில் இயல்பு வரம்பு என்பது ஆரோக்கியமானவர்களில் 95% பேர் அடங்கும் எல்லை. அதாவது நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் 20 பேரில் ஒருவர் அதற்கு வெளியே இருப்பார். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் எடுத்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஒன்றாவது வரம்பு தாண்டும் வாய்ப்பு சுமார் 64%. ‘முழு உடல் பரிசோதனை’ எடுத்தவர்கள் ஏதாவது ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தூக்கம் கெட்டுத் தேடுவதற்கு இதுதான் மூலகாரணம்.

அலகு மாறினால் எல்லாம் மாறும். சர்க்கரையை மி.கி./டெ.லி.யில் (ஒரு டெசிலிட்டரில் எத்தனை மில்லிகிராம்) சொல்லும் நாடுகளும் உண்டு, மில்லிமோலில் சொல்லும் நாடுகளும் உண்டு. 18-ஆல் வகுத்தால் மில்லிமோல். 126 என்பது 7.0. கொலஸ்ட்ராலுக்கு 38.67-ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரைக்கான 18-ஐ இதற்குப் போட்டுவிட்டு அலறுபவர்கள் உண்டு. கிரியேட்டினின் 1.0 மி.கி. என்பது 88.4 மைக்ரோமோல். வைட்டமின் டி-யில் நானோகிராமை 2.5-ஆல் பெருக்கினால் நானோமோல். 30 நானோகிராம் என்று ரிப்போர்ட் சொல்ல, 75 வேண்டும் என்று பக்கம் சொன்னால், இரண்டும் ஒரே அளவு. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.5% என்பதைச் சில நாடுகள் 48 என்று எழுதும்.

முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின், சில தைராய்டு பரிசோதனைகளையும் மாரடைப்பைக் காட்டும் ட்ரோப்போனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டவைக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் இதுபற்றி எச்சரித்தது. ரிப்போர்ட்டை இணையத்தில் அலசுவதற்கு முன், நீங்கள் என்னென்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை ரத்தம் எடுப்பவரிடம் சொன்னீர்களா என்று பாருங்கள்.

---

கேள்விக்குறி எழுதியது:

தேடுபொறியின் மேலேயே இப்போது செயற்கை நுண்ணறிவு பதில் வந்துவிடுகிறது. சாட்பாட்டும் மேற்கோளோடு சொல்கிறது. அறிகுறியைத் தட்டினால் நோயைச் சொல்லும் செயலிகளும் உண்டு. இவற்றை என்ன செய்வது?

---

நூலக மேசை எழுதியது:

அறிகுறிச் செயலிகள் பற்றி 2015-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. 23 செயலிகளைச் சோதித்ததில், சரியான நோயை முதலிடத்தில் காட்டியது 34% தடவைகளில்தான். எவ்வளவு அவசரம் என்ற அறிவுரை சரியாக இருந்தது 57%. இன்றைய கருவிகள் வேறு, ஆனால் நோயின் பெயருக்காக அவற்றை நம்பி உட்காரக்கூடாது என்ற நிலை மாறவில்லை.

சாட்பாட் விஷயத்தில் மேற்கோளைச் சோதிப்பதே வழி. அது தரும், கட்டுரையின் அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணையோ பப்மெட் எண்ணையோ நகலெடுத்து அந்தந்தத் தளத்தில் ஒட்டுங்கள். மேற்கோள் தவறு என்றால் மூன்றில் ஒன்று நடக்கும். எண்ணே இருக்காது. அல்லது எண் இருக்கும், ஆனால் தலைப்பு சம்பந்தமில்லாத வேறொன்றாக இருக்கும். அல்லது கட்டுரை உண்மையாகவே இருக்கும், ஆனால் அது சொல்வது வேறாக இருக்கும். மூன்றாவது வகைதான் சுலபத்தில் அகப்படாது. சுருக்கத்திலிருந்து யார்மீது செய்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், என்ன அளந்தார்கள் என்ற மூன்றையும் எடுத்து, சாட்பாட் எழுதிய வரியோடு ஒட்டிப் பாருங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்ததை எல்லோருக்கும் என்று விரித்திருக்கலாம். ‘தொடர்பு இருந்தது’ என்பதை ‘காரணம்’ என்று மாற்றியிருக்கலாம்.

ஒரு பயனுள்ள வேலை அவற்றிடம் வாங்கலாம். உங்கள் அன்றாட மொழியில் சொன்னதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் சொல் என்ன என்று கேளுங்கள். அந்தச் சொல்லோடு மெட்லைன்பிளஸுக்கோ காக்ரேனுக்கோ நீங்களே போங்கள். மருந்தளவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அதனிடம் கேட்காதீர்கள்.

‘ஹார்வர்டு ஆய்வு சொல்கிறது’ என்று சுற்றிவரும் செய்திகளுக்கும் இதே முறைதான். ஆய்வாளர் பெயர், இதழ், ஆண்டு மூன்றில் ஒன்றுகூட இல்லாவிட்டால் தேடுவதற்கே எதுவும் இல்லை, அங்கேயே விட்டுவிடுங்கள். ஒன்றாவது இருந்தால் பப்மெட்டில் பெயரையும் முக்கியச் சொல்லையும் சேர்த்துப் போட்டால் கிடைத்துவிடும். மெட்ஆர்க்சிவ் போன்ற முன்பதிப்புத் தளத்தில் மட்டும் இருந்தால், சக வல்லுநர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள். அதன் பக்கத்திலேயே அந்த எச்சரிக்கையும் போட்டிருப்பார்கள்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

வேர்தேடியின் பதிலை ஏற்கிறேன். இவ்வளவும் தேடி எடுத்துக்கொண்டு போனால் டாக்டர் முகம் சுளிக்கிறாரே, அதற்கு என்ன வழி?

---

மருந்தட்டை எழுதியது:

முப்பது பக்கத்தை அச்செடுத்துப் போகாதீர்கள். கிடைக்கும் பத்து நிமிடத்தில் யாராலும் படிக்க முடியாது. ஒரே தாள் போதும். மேலே நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், எந்த வேளை. மூலிகை, சத்து மாத்திரை, கடையில் நேரடியாக வாங்கியது எதையும் விடாதீர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரை, ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றின் வேலையைக் குறைத்துவிடும். ‘இயற்கைதானே’ என்று பலர் சொல்லாமல் விடுவது இதைத்தான். கீழே எண்ணிப்பார் சொன்ன அந்த வரி, கிடைத்த எண்களோடு. அதன் அடியில் ஆய்வின் தலைப்பும் ஆண்டும்.

பிறகு ‘இணையத்தில் இப்படிப் போட்டிருக்கிறது’ என்று தொடங்காமல் இப்படிக் கேளுங்கள்: ‘இந்தச் சோதனையில் இருந்தவர்களும் நானும் ஒரே நிலையில் இருக்கிறோமா? எனக்கு இந்த எண் கூடுமா குறையுமா? நான் எதுவும் எடுக்காவிட்டால் என்ன ஆகும்?’ கடைசிக் கேள்வியை விடாமல் கேளுங்கள். சிகிச்சைத் தகவலின் தரத்தை அளக்க 1990-களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கிய டிசெர்ன் என்ற 16 கேள்விப் பட்டியலிலும் அது ஒரு தனிக் கேள்வி. பெரும்பாலான இணையப் பக்கங்கள் பதில் சொல்லாமல் விடுவதும் அதற்குத்தான்.

பதில் வரும்வரை, ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள், வலிப்பு மருந்துகள், மனச்சோர்வு மருந்துகள், நீண்டநாள் எடுத்த ஸ்டீராய்டு ஆகியவற்றைச் சட்டென்று விட்டால், விட்டதாலேயே தனிக் கோளாறு வரும். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை எழுதியே கேட்டு வாங்குங்கள்.